கம்ப்யூட்டருக்கு ஒரு கேஸ் ஷீட்

எல்லோரும் அவனை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர் இல்லை. சலவைக் கடைக்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் தெருவில் காத்திருக்க வேண்டிய ஒரு கடை. அதன் பலகையில் 'கம்ப்யூட்டர் டாக்டர்' என்று அவனே எழுதி மாட்டியிருந்தான். தெருவில் முதலில் கிண்டலுக்குச் சொன்னார்கள், பிறகு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. பதினோரு வருஷத்தில் தன் கடைக்கு வந்த பெட்டி ஒன்றுகூடச் சரியாகாமல் திரும்பியதில்லை என்று சொல்லிக்கொள்வான். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான், ஆனாலும் பெரிய பொய் இல்லை.

அப்படிப்பட்டவனுக்கு அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டர் நாலு வாரமாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் குடிநீர்க் குழாய்கள் எந்தத் தெருவில் எத்தனை அடி ஆழத்தில் போக வேண்டும் என்று வரைபடம் போடுகிறவர். நாலு மாதத்துக்கு முன்னால் அவருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது. நடக்கலாம், குனியக் கூடாது; பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆடிக்கொண்டு போவதை நினைத்தே பார்க்கக் கூடாது. அலுவலகத்தில் பெரிய மனசு பண்ணி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு மாத அவகாசம் கொடுத்தார்கள். சரிப்பட்டு வந்தால் தொடரலாம், வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். முதல் வாரத்திலேயே கம்ப்யூட்டர் நின்றுபோக ஆரம்பித்தது. திரையில் இருந்த படம் இருந்தபடி இருக்கும். மௌஸ் அசையாது. மூலையில் ஓடுகிற கடிகாரம் நின்ற நிமிஷத்திலேயே நிற்கும். பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை நிற்கும், மறுநாள் சமர்த்தாக இருக்கும்.

ஒரு தடவை அப்படி அணைத்ததில், திறந்திருந்த கோப்பு கெட்டுப்போய் மூன்று நாள் வேலை பாழானது. பிரிவுத் தலைவி காலையில் அனுப்பிய கேள்விக்கு மத்தியானம் வரை பதில் போகாத நாட்களும் உண்டு. போன வெள்ளிக்கிழமை அந்த அம்மாள், அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் திரையில் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். குரலில் கோபம் இல்லை. முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்று அண்ணன் அதிலேயே புரிந்துகொண்டார்.

டாக்டர் சும்மா இருக்கவில்லை. தூசியை ஊதினான். நினைவகத் தகடுகளை மாற்றினான். மின்சாரம் கொடுக்கிற பெட்டியைக் கழற்றி அதே ரகத்தில் புதிதாகப் போட்டான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை முதலிலிருந்து ஏற்றினான். மூன்று தடவை கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், கம்ப்யூட்டரைப் பிழிந்தெடுக்கிற சோதனை ஒன்றை இருபத்துநாலு மணி நேரம் ஓட விட்டான். அது மூச்சு வாங்காமல் ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் அன்றைக்கே நின்றது.

ஒவ்வொரு தடவையும் அண்ணனிடம் ஒரே கேள்வியைக் கேட்டான். நின்றபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அண்ணனும் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொன்னார். வரைந்துகொண்டிருந்தேன். அதனால் டாக்டர் வரைகிற மென்பொருளைச் சந்தேகப்பட்டான், திரைக்குப் படம் அனுப்புகிற திரை அட்டையைச் சந்தேகப்பட்டான், கடைசியில் அண்ணன் கைராசியையே சந்தேகப்பட்டான்.

திங்கட்கிழமை மத்தியானம் அவன் அண்ணன் வீட்டு மேசைக்கடியில் தலையை விட்டுக்கொண்டு, திரை அட்டையையும் மாற்றிவிடலாம், கூடவே கோப்புகளைச் சேமிக்கிற வட்டையும் மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி டியூட்டி முடிந்து வந்தாள். அண்ணி ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் ஹெட் நர்ஸ். கம்ப்யூட்டரில் அவளுக்குத் தெரிந்தது, அதைத் துடைக்கும்போது ஈரத்துணி கூடாது என்பதுதான். கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் நின்று அவனைப் பார்த்தாள்.

"தம்பி, இதுவரைக்கும் என்னென்ன மாத்தினீங்க?"

அவன் பெருமையாகவே சொன்னான். அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டாள்.

"ஒரே நாள்ல ரெண்டு மூணு மாத்தியிருக்கீங்க. எங்க வார்டுல ஒரு டாக்டர் மூணு மருந்தை ஒண்ணா மாத்தினா, எது கேட்டுது எது கெடுத்துதுன்னு யாருக்கும் தெரியாது. நீங்க புதன் சாயங்காலம் வரைக்கும் இதுமேல கைய வைக்காதீங்க."

டாக்டருக்குச் சுருக்கென்றது. தொழில் தெரியாதவர்கள் மூக்கை நுழைப்பது அவனுக்குப் பிடிக்காது. வெள்ளிக்கிழமைக்கு நாலே நாள் இருக்கும்போது மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்டான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பையிலிருந்து வார்டில் பயன்படுத்துகிற கேஸ் ஷீட் ஒன்றை எடுத்து, பின்பக்கம் கோடு போட ஆரம்பித்தாள். நாய்க்குட்டிக்குப் பூணூல் போட்டது மாதிரி, கம்ப்யூட்டர் கழுத்தில் ஒரு அட்டையும் அதில் ஒரு தாளும் தொங்கின. நின்ற நேரம், அறையின் சூடு, அப்போது வீட்டில் வேறு என்ன ஓடியது, மோட்டாரா, மிக்சியா, துணி துவைக்கிற மெஷினா, அண்ணன் என்ன செய்துகொண்டிருந்தார், எழுந்தாரா, உட்கார்ந்தாரா. நின்ற நேரத்தை மட்டும் யாரும் ஊகித்து எழுதக் கூடாது, நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து அப்படியே எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

அந்தக் கடைசி விஷயம் டாக்டருக்குக் கொஞ்சம் உறைத்தது. நின்ற கணம் திரையிலேயே பதிந்து கிடக்கிறது, நாலு வாரத்தில் ஒரு தடவையாவது அவன் அதைக் குறித்து வைத்தானா? இல்லை. ஆனாலும் வெளியே காட்டிக்கொள்ளாமல், பெட்டிக்குக் காய்ச்சல் பார்க்கத் தெர்மாமீட்டர் எங்கே வைப்பது என்று அண்ணனிடம் கிண்டல் பண்ணிவிட்டுப் போனான். அண்ணன் சிரித்தார். ஆனால் அந்தத் தாளைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை. டாக்டர் அதை அப்போது கவனிக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அவன் வந்தபோது தாளில் ஏழு வரிகள் நிரம்பியிருந்தன. அண்ணன் பக்கத்து அறையில் இருந்தார். அண்ணி சமையலறை மேசையில் தாளை விரித்து வைத்திருந்தாள். மூன்று நாளில் ஏழு தடவை. மோட்டார் ஓடியபோது ஒரு தடவைதான். மிக்சிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காலையின் குளிர்ச்சியிலும் நின்றிருக்கிறது, மத்தியானப் புழுக்கத்திலும் நின்றிருக்கிறது. ஒவ்வொன்றாக அவள் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தாள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு கட்டம், அண்ணன் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது. ஏழு வரியிலும் ஒரே கையெழுத்தில் ஒரே சொல். வரைந்துகொண்டிருந்தேன்.

"பாத்தீங்களா அண்ணி, நான் சொன்னதுதான். வரையும்போது நிக்குது. திரை அட்டைதான்."

அவள் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"ஏழு தடவை கேட்டு ஏழு தடவையும் அச்சு மாறாம ஒரே பதில் சொல்ற பேஷன்ட்டை நான் நம்ப மாட்டேன், தம்பி. நிஜமா நடந்ததுன்னா ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கும். அவர் கடைசியா ஒரு கோடு எப்பப் போட்டார்னு அந்தப் பெட்டிக்குத் தெரியுமா?"

தெரியும். வரைகிற மென்பொருள், புதிதாக ஏதாவது வரைந்தால் நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாகவே ஒரு நகல் எடுத்துவைக்கும், நேரத்தோடு. வரையாவிட்டால் எடுக்காது; மூன்று நாள் வேலை பாழான பிறகு அவனே செய்துவைத்த ஏற்பாடு அது. இந்தக் கேள்வி அவன் மண்டையில் ஏன் உதிக்கவில்லை என்று வியந்துகொண்டே டாக்டர் போய் அந்த நகல்களின் பட்டியலைத் திறந்து, போனில் படம் எடுத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினான். அவன் நேரங்களைச் சொல்லச் சொல்ல, அண்ணி தாளின் ஓரத்தில் எழுதினாள்.

திங்கள், கடிகாரம் நின்றது நாலு ஐம்பத்திரண்டு. கடைசிக் கோடு நாலு முப்பத்தொன்று. செவ்வாய், நின்றது ஒன்பது நாற்பது; கடைசிக் கோடு ஒன்பது முப்பத்தொன்று. அதே நாள் மத்தியானம் முப்பத்துநாலு நிமிஷ இடைவெளி. ஏழு வரியையும் பார்த்து முடித்தபோது, ஒரு தடவைகூட வரையும்போது நிற்கவில்லை என்பது வெட்ட வெளிச்சமாகிவிட்டது. எதிரே யாரும் வேலை வாங்காமல் விட்டபோதெல்லாம் நின்றிருக்கிறது.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துவிட்டான். ஒரே நொடியில் எல்லாம் விளங்கியது. வேலை இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரின் மூளை சிக்கனம் பிடிக்கும், மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். சில மின்பெட்டிகளுக்கும் சில மதர்போர்டுகளுக்கும் அந்தச் சொட்டு ஒத்துவராது, அந்த இடத்தில் மூச்சு நின்றுவிடும். அவன் புதிதாகப் போட்டதும் அதே ரகம். போதாக்குறைக்கு அவன் செய்த சோதனை எல்லாமே அதை ஓட ஓட விரட்டுகிற சோதனை. கடையில் ஒரு மணி நேரம் அதைச் சும்மா விட்டிருந்தால் முதல் வாரமே கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். படுத்தால் மூச்சுத் திணறுகிறவனை மாடிப்படி ஏறவைத்து, நன்றாகத்தான் இருக்கிறான் என்று அனுப்பியிருக்கிறான்.

அண்ணியை நிமிர்ந்து பார்த்தான். கம்ப்யூட்டரின் உள்பக்கத்தை ஒரு நாள்கூடப் பார்த்திராதவள், ஒரு தாளையும் ஒரு பென்சிலையும் வைத்துக்கொண்டு அவனுடைய பதினோரு வருஷத்தை ஓரங்கட்டிவிட்டாள். பொறாமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுந்து நின்று சலாம் போடலாம் போல இருந்தது.

அடுத்த கணம் கோபம் வந்தது. அப்படியானால் அண்ணன் நாலு வாரமாக அவன் முகத்துக்கு நேரே பொய் சொல்லியிருக்கிறார். ஊரெல்லாம் அலைந்து சாமான் வாங்கி மாற்றியது, தலையைப் பிய்த்துக்கொண்டது, எல்லாம் அந்த ஒரு சொல்லால். நேரே போய்க் கேட்டுவிடுகிறேன் என்று எழுந்தான். அண்ணி அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீங்க மெஷினைப் பாருங்க. அவரை நான் பாத்துக்கறேன்."

அவன் கம்ப்யூட்டர் அறைக்குப் போனான். அதற்கும் அண்ணன் படுக்கிற அறைக்கும் நடுவில் திரைச்சீலைதான், அதுவும் பாதி விலகியிருந்தது. அண்ணன் கட்டிலின் ஓரத்தில், தலையணையில் ஒரு கையை ஊன்றி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அண்ணி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஏன் மறைத்தீர்கள், எத்தனை நாளாக, என்னிடம்கூடவா என்றெல்லாம் கேட்பாள் என்று டாக்டர் எதிர்பார்த்தான். அவள் தாளைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு போகவில்லை.

"ஏங்க, படுத்தா எத்தனை நிமிஷத்துல வலி குறையுது?"

அவ்வளவுதான். உண்மையா பொய்யா என்று விசாரணை இல்லை. படுக்கிறீர்களா என்ற கேள்விகூட இல்லை. அதைத் தாண்டிப் போய் அடுத்த கேள்வியைக் கேட்டாள். ஒரு மனிதன் தலை குனியாமல் பதில் சொல்லக்கூடிய கேள்வி அந்த வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது, அதை அவள் கண்டுபிடித்திருந்தாள்.

அண்ணன் தலையணையிலிருந்து கையை எடுத்தார். பிறகு சொன்னார்.

"இருபது நிமிஷம். சில நாள் அரை மணி."

அதற்கப்புறம் மடை திறந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கிறது. எழுந்து வந்து படுத்துவிடுகிறார். திரும்பிப் போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் நின்றிருக்கிறது. முதல் தடவை தம்பி கேட்டபோது, படுத்திருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு தடவை வரைந்துகொண்டிருந்தேன் என்று சொன்ன பிறகு அதைவிட்டு வெளியே வர வழி தெரியவில்லை. அலுவலகத்திலிருந்து கேள்வி வந்து பதில் போகாதபோது, கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று சொல்வது வசதியாகவும் இருந்திருக்கிறது.

"நீ வார்டுல பன்னெண்டு பேரைப் பாத்துட்டு வர்ற. வீட்டுக்கு வந்தா பதிமூணாவது ஆளா நான் இருக்க வேணாம்னு பாத்தேன்."

டாக்டரின் கோபம் போன இடம் தெரியவில்லை. கம்ப்யூட்டர் துவங்குவதற்கு முன்னால் வருகிற நீலத் திரையில் அவன் அந்தச் சிக்கனத்தைக் கட்டுப்படுத்துகிற வரியைத் தேடிக்கொண்டிருந்தான். எழுத்துகள் கலங்கலாகத் தெரிந்தன. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரியைக் கண்டுபிடித்து, மாற்றி, சேமித்தான். மொத்தம் அரை நிமிஷ வேலை. நாலு வாரம், அரை நிமிஷம்.

மறுநாள் வியாழக்கிழமை. சரியானதா இல்லையா என்று பார்க்க ஒரே வழி, கம்ப்யூட்டரைச் சும்மா விடுவது. டாக்டர் கடையைப் பூட்டிவிட்டு வந்தான், அண்ணி விடுப்பு எடுத்துக்கொண்டாள். முதல் ஒரு மணி நேரம் முடிந்தும் அண்ணன் நாற்காலியை விட்டு எழாதபோது, சோதனை கெட்டுவிடும் என்று இரண்டு பேரும் சேர்ந்து தடுத்தார்கள். ஒரு மணி நேரம் வரைய வேண்டும், அரை மணி நேரம் படுக்க வேண்டும், அதுதான் இன்றைய சோதனை. தொழில்முறையில் படுக்க உத்தரவாகிவிட்டதால் அவர் வேறு வழியில்லாமல் போய்ப் படுத்தார். டாக்டர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. இரண்டு தடவை அவன் விரல் தானாக மௌஸைத் தேடிப் போனது, இரண்டு தடவையும் அண்ணி அதில் ஒரு தட்டுத் தட்டினாள். பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை கடிகாரம் ஒரு நிமிஷம்கூடத் தவறாமல் நடந்தது. ஓய்வு எடுத்து எடுத்து வரைந்ததில், இரண்டு நாளில் முடியும் என்று அண்ணன் நினைத்திருந்த வரைபடமும் அன்றைக்கே முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பிரிவுத் தலைவி திரையில் வந்தார். நரைத்த தலை, கழுத்தில் சங்கிலி கட்டிய கண்ணாடி, எதிரே ஒரு கோப்பு. அண்ணியும் டாக்டரும் கேமராவுக்கு எட்டாத மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் கோளாறு என்ன ஆயிற்று என்று கேட்டார். சரிசெய்தாகிவிட்டது என்று அண்ணன் சொன்னார்.

"அப்ப இனிமே காலையில ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் கூப்பிட்டா இருப்பீங்க. அப்படி எழுதிக்கலாமா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பழி முழுவதும் கம்ப்யூட்டர் தலையில் விழுந்து, அதுவும் குணமாகி உட்கார்ந்திருக்கிறது. யாருக்கும் எதுவும் தெரியாது. வேலை கையில் நிற்கும். சொல்லிவிடுங்கள் அண்ணா என்று டாக்டர் மனசுக்குள் கெஞ்சினான். அவனாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பான்.

அண்ணன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல மேடம். மெஷின் சரியாயிடுச்சு, நான் இன்னும் சரியாகல. ஒரு மணி நேரம் உக்காந்தா அரை மணி படுக்கணும். நீங்க கூப்பிட்டு நான் எடுக்காத நேரத்துல பாதி நேரம் படுத்துதான் இருந்தேன். மெஷின் மேல சொன்னது தப்பு. அஞ்சு மணி நேரம் ஒழுங்கா வரைய முடியும். எட்டு மணி நேரம் முடியாது."

திரையில் அந்த அம்மாளின் முகம் அப்படியே இருந்தது. கண் இமைக்கவில்லை, உதடு அசையவில்லை. டாக்டருக்கு உயிரே போய்விட்டது. போயும் போயும் இப்போதா என்று ஸ்டூலிலிருந்து பாதி எழுந்து மூலையில் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று பதினேழு, பதினொன்று பதினெட்டு. ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் யோசித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் உறைந்திருந்தால் அவனால் ஏதாவது செய்ய முடியும். இதற்கு அவனிடம் மருந்து இல்லை.

கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கூப்பிட்டா எடுக்கலன்னா, வேலையில அக்கறை இல்லன்னு நினைச்சிருந்தேன். உங்களை வேலையை விட்டு எடுத்துடறதாதான் இன்னிக்கு வந்தேன். இனிமே எடுக்கலன்னா படுத்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும், அரை மணி கழிச்சுக் கூப்பிடுவேன். அஞ்சு மணி நேரம்னே எழுதிக்கறேன். சம்பளம் அதுக்குத் தக்கபடிதான் வரும், அது உங்களுக்குச் சம்மதமா?"

சம்மதம் என்று அண்ணன் சொன்னார். அடுத்த வரைபடத்துக்கான விவரங்கள் மத்தியானம் வரும் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார். டாக்டர் அண்ணனைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். உலகத்தில் தனக்குத்தான் பழுது பார்க்கத் தெரியும் என்று இத்தனை நாள் பலகை மாட்டிக்கொண்டிருந்ததை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அண்ணி எழுந்து போய் அண்ணன் தோளில் கை வைத்தாள். ஆபரேஷன் முடிந்து கண் திறந்த நாளிலிருந்து அவளாகக் கேட்காமல் அவர் அவளிடம் பரவாயில்லை என்பதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை. இப்போது அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவராகவே அவள் கைமேல் தன் கையை வைத்துச் சொன்னார்.

"ரொம்ப வலிக்குதும்மா."

வார்டில் பன்னிரண்டு பேர் வலியைத் தினமும் கண் கலங்காமல் கேட்கிறவள், அதைக் கேட்டு அழுதாள். அழுதுகொண்டே அவரை அக்குளில் தாங்கி எழுப்பினாள். டாக்டர் நாற்காலியை நகர்த்தி வழி விட்டான்.